சார்ஜரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்!

"போனைத் தொட்டாலே சுருக்குன்னு இழுக்குதுப்பா. உங்க சித்தப்பாகிட்ட சொன்னா, 'உனக்கு நரம்புத் தளர்ச்சி, டாக்டரைப் போய்ப் பாரு'ங்கிறாரு!"

சின்னமனூரில் இருக்கும் என் சித்தி இப்படிச் சொன்னபோது, சித்தப்பாவைப் போலத்தான் நானும் சிரித்தேன். சார்ஜில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. "சித்தி, எனக்கு ஒண்ணும் அடிக்கலையே?" என்றேன். சித்தியின் முகம் வாடிவிட்டது. பொய் சொன்னதாக நினைத்துவிடுவேனோ என்ற வருத்தம் அவருக்கு.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து மோட்டார் ரிப்பேருக்காக எங்கள் வயர்மேன் அண்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டவர் என் காலைப் பார்த்தார். "தம்பி, நீங்க ரப்பர் செருப்பு போட்டிருக்கீங்க. அக்கா வெறுங்காலோட ஈரத் தரையில நிக்கிறாங்க. உங்களுக்கு எப்படி அடிக்கும்?" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். சித்தி அப்போதுதான் வீடு துடைத்து முடித்திருந்தார். சிமென்ட் தரை இன்னும் காயவில்லை.

அண்ணன் முதலில் சுவிட்சை அணைத்தார். பிறகு சார்ஜரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்றார். திருப்பிப் பார்த்தேன். 'ஃபாஸ்ட் சார்ஜர்' என்று பெரிதாக ஒரு வரி. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. கம்பெனிப் பெயர் இல்லை, நம்பர் இல்லை, எந்த ஊரில் செய்தது என்றும் இல்லை.

"எங்க வாங்குனீங்க சித்தி?"

"வீரபாண்டித் திருவிழாவுல ராட்டினத்துக்குப் பக்கத்துல ஒரு பையன் தரையில விரிச்சு வச்சிருந்தான். 80 ரூபா. பழைய சார்ஜரு ஒயரு பிஞ்சு போச்சுல்ல... அவசரத்துக்கு வாங்குனேன்."

இந்த வாரம் அந்த 80 ரூபாய் டப்பாவைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

டப்பாவுக்குள் என்ன நடக்கிறது?

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலை ஏறியவர்களுக்குத் தெரியும். லோயர் கேம்ப் மின் நிலையத்துக்காக, மலை மேலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கி வரும். பெரியாறு அணைத் தண்ணீர் அதற்குள் என்ன வேகத்தில் வரும் என்று நினைத்துப் பாருங்கள். அதே தண்ணீர்தான் கீழே வந்து ஆறாக ஓடி, கடைசியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விழுகிறது. மலைக் குழாயை நேராகச் சொட்டு நீர்க் குழாயில் மாட்டினால் என்ன ஆகும்? தோட்டமே மிஞ்சாது.

சார்ஜர் செய்வதும் இப்படி ஒரு வேலைதான். சுவரில் வருவது 230 வோல்ட். போனுக்கு வேண்டியது சாதாரணமாக 5 வோல்ட், வேகமாகச் சார்ஜ் ஏற்றும் போனுக்கு 9, 12 என்று 20 வோல்ட் வரை போகும். சார்ஜருக்குள் நுழைந்ததும் 230 வோல்ட் ஏசி கரண்டு, சுமார் 325 வோல்ட் டிசியாக மாறுகிறது. அதைக் குறைத்துத்தான் போனுக்கு அனுப்ப வேண்டும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. சுவர்ப் பக்கத்துக் கரண்டும் போன் பக்கத்துக் கரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதில் இரண்டு கம்பிச் சுருள்கள். இரண்டுக்கும் நடுவே தடிமனான காப்பு. காந்தப் புலம் வழியாகத்தான் இந்தப் பக்கத்து சக்தி அந்தப் பக்கம் போகும். கம்பிக்குக் கம்பி நேர்த் தொடர்பு கிடையாது. சர்க்யூட் போர்டிலும் அப்படித்தான். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

அந்தக் காப்புக்கும் இடைவெளிக்கும்தான் நல்ல சார்ஜரில் நாம் காசு கொடுக்கிறோம். போன் சார்ஜ் ஏறுவதற்கு அது தேவையே இல்லை. நம் உயிருக்குத்தான் தேவை. அதனால்தான் போலி சார்ஜர் செய்பவர்கள் முதலில் கை வைப்பதும் அந்த இடத்தில்தான். போன் சார்ஜ் ஏறும், விளக்கு எரியும், நமக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

சித்தி வீட்டுச் சார்ஜரை வயர்மேன் அண்ணன் பிரித்துக் காட்டினார். ஃபியூஸ் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி மெல்லிய டேப் ஒரே ஒரு சுற்று, அதுவும் சூட்டில் பழுப்பேறிப் போயிருந்தது. போர்டில் இரண்டு பக்கத்து ஈயப் பற்றுகளும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டிருந்தன. "நடுவுல ஒரு எறும்பு செத்துக் கிடந்தாப் போதும் தம்பி. மொத்தக் கரண்டும் போனுக்கு வந்துரும்" என்றார்.

சித்தி ஒன்றும் பேசவில்லை. ஆனால் திரும்பிச் சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்!

எல்லாச் சுருக்கும் ஆபத்தா?

இல்லை. நல்ல கம்பெனி சார்ஜராக இருந்தாலும், உலோக உடல் கொண்ட போனையோ லேப்டாப்பையோ சார்ஜ் போட்டபடி புறங்கையால் மெல்லத் தடவினால் சில நேரம் லேசாக எறும்பு ஊர்வது போல இருக்கும். இரைச்சலைக் குறைப்பதற்காக உள்ளே வைக்கும் ஒரு சிறு கெபாசிட்டர் வழியாக மிகக் கொஞ்சம் கரண்டு கசியும். மனிதர் தொடும்போது அது கால் மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது இதுபோன்ற இரட்டைக் காப்புச் சாதனங்களுக்கான தர விதி. டெஸ்டரை வைத்தால் அந்தக் கசிவுக்கே விளக்கு லேசாக மின்னலாம். ஆகவே டெஸ்டரை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

ஆனால், சுருக்கென்று இழுத்தால், கை தானாக உதறினால் அது வேறு கதை. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே பிடித்த பொருளைக் கை விடாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஒருமுறை அடித்த சார்ஜருக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்காதீர்கள். "நேத்து அடிச்சுச்சு, இன்னைக்கு அடிக்கல" என்றால் சார்ஜர் சரியாகிவிட்டதாக அர்த்தமில்லை. இன்று உங்கள் கால் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இன்னும் கவனம் வேண்டும். 2023 ஆகஸ்ட் மாதம் கர்நாடக மாநிலம் கார்வார் அருகே, 8 மாதக் குழந்தை ஒன்று சார்ஜர் ஒயரின் முனையை வாயில் வைத்து இறந்துபோனது. போனைக் கழற்றிவிட்டார்கள், சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார்கள். நல்ல சார்ஜரின் முனையில் வருவது 5 வோல்ட்தான். ஆனால், எது நல்ல சார்ஜர், எது இல்லை என்று எட்டு மாதக் குழந்தைக்குத் தெரியுமா? போனைக் கழற்றும்போதே சுவிட்சையும் அணைக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் கொண்டு வாருங்கள். இதற்குக் காசு பணம் தேவையில்லை.

நோக்கியா பேட்டரி நினைவிருக்கிறதா?

வயதில் கொஞ்சம் மூத்தவர்களுக்கு 2007 ஆகஸ்ட் மாதம் நினைவிருக்கும். ஊரெல்லாம் நோக்கியா போன். 'நோக்கியா பேட்டரி வெடிக்குதாம்' என்று எஸ்.எம்.எஸ். பறந்தது. பாதி வதந்தி, பாதி உண்மை.

நடந்தது இதுதான். பி.எல்-5சி என்ற பேட்டரியில், மட்சுஷிதா என்ற ஜப்பான் நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்து கொடுத்தவை சார்ஜ் ஏறும்போது சூடாகக்கூடும் என்று நோக்கியாவே அறிவித்தது. எண்ணிக்கை 4 கோடியே 60 லட்சம். அதுவரை உலகம் முழுக்கச் சுமார் 100 சம்பவங்கள்தான் பதிவாகியிருந்தன. ஆனாலும், 'உங்கள் பேட்டரி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று பாருங்கள், சேர்ந்தது என்றால் இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்றார்கள். பேட்டரியின் முதுகில் இருந்த 26 இலக்க எண்ணை வைத்துச் சரிபார்க்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைப் படித்த பெரியவர்கள் எத்தனை பேர்!

இரண்டு வருடம் கழித்து, 2009 நவம்பரில், சார்ஜரிலேயே பிரச்னை. நோக்கியாவுக்காகச் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் செய்த 1 கோடியே 40 லட்சம் சார்ஜர்களில் பிளாஸ்டிக் மூடி கழன்று, உள்ளே இருக்கும் பாகம் வெளியே தெரிந்து ஷாக் அடிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அவற்றையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஆப்பிளும் இதற்கு விலக்கில்லை. 2014-ல் ஏ1300 என்ற மாடல் சார்ஜரை ஐரோப்பிய நாடுகள் உட்பட 37 நாடுகளில் மாற்றிக் கொடுத்தது. அதிகமாகச் சூடாகலாம் என்பது காரணம். 2016-ல், சில நாடுகளில் விற்ற இரண்டு முனை பிளக் உடைந்து ஷாக் அடிக்கலாம் என்று திரும்பப் பெற்றது. உலகம் முழுக்கப் பதிவானவை 12 சம்பவங்கள். அதற்காக, 2003 முதல் 2015 வரை விற்றவற்றையெல்லாம் திரும்பக் கூப்பிட்டார்கள்.

இதைத்தான் 'ரீகால்' என்கிறார்கள். விற்ற பொருளில் குறை இருக்கிறது என்று தெரிந்ததும், செய்தவரே முன்வந்து திரும்பப் பெறுவது. 'பெரிய கம்பெனியே தப்பு செய்யுதே, அப்புறம் எதுக்கு ஒரிஜினல்?' என்று சிலர் கேட்பார்கள். நான் எதிர்ப்பக்கமாக யோசிக்கிறேன். நோக்கியா எப்படித் திரும்பக் கூப்பிட முடிந்தது? பேட்டரியின் முதுகில் 26 இலக்க எண் இருந்ததால். யார் செய்தது, எந்த மாதம் செய்தது என்று கணக்கு இருந்ததால்.

சித்தியின் 80 ரூபாய்ச் சார்ஜரை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்? அதற்குப் பெயரே இல்லை. செய்தவர் யாரென்று விற்ற பையனுக்கே தெரியாது. அந்தப் பையனும் வேறு ஊர்த் திருவிழாவுக்குப் போயிருப்பான். பெயர் இல்லாத பொருளுக்கு ரீகால் கிடையாது. அது வீட்டில் ஏதாவது செய்த பிறகுதான் நமக்குத் தெரிய வரும்.

போலிகள் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 2016-ல் அமெரிக்காவின் யு.எல். என்ற பரிசோதனை நிறுவனம், பார்த்தால் ஆப்பிள் போலவே இருந்த 400 போலி சார்ஜர்களைச் சோதித்தது. மூன்றைத் தவிர மற்ற எல்லாமே தீ அல்லது ஷாக் ஆபத்து உள்ளவை. அதில் 12, ஆளையே கொல்லக்கூடியவை.

சின்ன எழுத்தில் இருக்கும் பெரிய விஷயம்

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. எலெக்ட்ரானிக் பொருட்களுக்குக் கட்டாயப் பதிவு என்ற ஆணை 2012-ல் வந்தது. 2014 நவம்பரில் அந்தப் பட்டியலை நீட்டியபோது போன், சார்ஜர் அடாப்டர், பவர் பேங்க், லித்தியம் பேட்டரி எல்லாம் உள்ளே வந்தன. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸில் பதிவு செய்யாமல் இவற்றைச் செய்யவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ கூடாது.

பதிவு செய்த சார்ஜரில் இரண்டு விஷயம் அச்சாகியிருக்கும். ஒன்று, 'ஐ.எஸ். 13252' போன்ற தர எண் (புதியவற்றில் 62368 என்று இருக்கலாம்). இன்னொன்று, ஆங்கில எழுத்து 'ஆர்' என்று தொடங்கி, அதன் பின்னால் 8 இலக்கங்கள் கொண்ட பதிவு எண். குக்கர், அயர்ன் பாக்ஸில் பார்க்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையை இதில் தேடாதீர்கள். சார்ஜருக்கு இந்த 'ஆர்' எண்தான் ஜாதகம்.

அந்த ஜாதகம் உண்மையா என்று நீங்களே பார்க்கலாம். போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். அதில் 'ஆர்' எண்ணைச் சரிபார்க்க ஒரு பகுதி இருக்கும். எண்ணைப் போட்டால் செய்த நிறுவனம், முகவரி, என்ன பொருள், எந்த பிராண்டு என்று வரும். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். வேறொரு கம்பெனியின் எண்ணைத் திருடி அச்சடிப்பவர்களும் உண்டு. எண் வருகிறதா என்று மட்டும் பார்க்காமல், அதில் வரும் பிராண்டும் உங்கள் கையில் இருக்கும் பிராண்டும் ஒன்றா என்று பாருங்கள். சார்ஜர் எண்ணைப் போட்டால் எல்.இ.டி. பல்பு என்று வந்தால், கடைக்காரரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்!

அரசே ரீகால் செய்யச் சொல்லவும் வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. 2022 ஆகஸ்டில், தர முத்திரை விதிக்குப் பொருந்தாத 2,265 பிரஷர் குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, அவற்றைத் திரும்பப் பெறச் சொன்னது. அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது என்றாலும், ஆன்லைனில் விற்பவரும் பதில் சொல்ல வேண்டும் என்ற பேச்சு அன்றிலிருந்து பலமானது.

உங்களுக்குப் பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, தேனியிலும் இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்னை நடந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால், எதற்கும் முதலில் கேட்பது பில். "பில் வேணாம்னா பத்து ரூபா குறைச்சுக்கிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், அந்தப் பத்து ரூபாய்க்கு உங்கள் உரிமையை அவர் வாங்கிக்கொள்கிறார் என்று அர்த்தம்.

தோட்டத்து டேங்க், கொசு பேட், ஸ்கூட்டர்

சார்ஜர் என்றால் போன் மட்டும் இல்லையே. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு மருந்து அடிக்கும் பேட்டரி டேங்க் இல்லாத விவசாயி வீடு குறைவு. காலையில் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று ராத்திரி முழுக்க மாட்டுத் தொழுவத்திலோ பம்ப் ரூமிலோ சார்ஜ் போட்டு வைப்பார்கள். மேலே மருந்து ஈரம், கீழே மண் ஈரம், நடுவில் ஒயர். டேங்கைக் கழுவித் துடைத்து, காய்ந்த இடத்தில், காற்றோட்டமாக வைத்துச் சார்ஜ் போடுங்கள். அதோடு வந்த சார்ஜரையே போடுங்கள். பின் பொருந்துகிறது என்பதற்காக லித்தியம் பேட்டரிக்கு ஈய பேட்டரி சார்ஜரை மாட்டுவது தீயை அழைப்பது போல.

கொசு பேட் இன்னும் மோசம். விலை மலிவான பேட்களில் நான் மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் காப்பே இருக்காது. ஒரு கெபாசிட்டரை வைத்து சுவர்க் கரண்டை நேராகக் குறைத்து பேட்டரிக்கு அனுப்புவார்கள். அதாவது, சார்ஜில் இருக்கும்போது உள்ளே உள்ள எல்லாப் பாகமும் சுவரோடு தொடர்பில்தான் இருக்கும். சார்ஜில் இருக்கும் பேட்டை எடுத்து 'ஒரு கொசு' அடிக்கவே கூடாது. பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். பின்னை உள்ளே தள்ளி வைக்கும் மலிவு டார்ச் லைட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை.

இப்போது பள்ளத்தாக்கு முழுக்க எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் வந்துவிட்டது. 2022 மார்ச் மாதம் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டரில் தீப்பிடித்து, புகையில் சிக்கி ஒரு தகப்பனும் மகளும் இறந்தார்கள். அந்தச் செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்த நேரம் அது. அடுத்த மாதமே ஒகினாவா 3,215, பியூர் இ.வி. 2,000, ஓலா 1,441 என்று ஸ்கூட்டர்களைச் சோதனைக்காகத் திரும்பக் கூப்பிட்டன. பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளும் அதன் பிறகு கடுமையாயின.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஸ்கூட்டரை வாசலை அடைத்து, வெளியேறும் வழியில் நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள். தீ வந்தால் நாம் ஓட வேண்டிய வழி அது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடாமல், எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஓட்டி வந்ததும் உடனே போடாமல், பேட்டரி சூடு ஆறட்டும். ரீகால் அறிவிப்பு வந்தால் உங்களைத் தேட வேண்டுமல்லவா? ஷோரூமில் கொடுத்த போன் நம்பர் மாறியிருந்தால் போய்ச் சொல்லிவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முறத்தில் ஒரு ரீகால்

அன்று மத்தியானம் சித்தி ஒரு வேலை செய்தார். முறத்தை எடுத்து வந்தார். வீட்டில் இருக்கும் சார்ஜர் அத்தனையையும் அதில் கொண்டுவந்து போடச் சொன்னார். அரிசி புடைப்பது போலப் புடைத்துவிடுவது என்று முடிவு!

எண்ணிப் பார்த்தால் 11. போன் சார்ஜர் 5, டிரிம்மர், எமர்ஜென்சி லைட், கொசு பேட், டார்ச், மருந்து டேங்க், எப்போதோ செத்துப்போன கேமராவின் சார்ஜர். வயர்மேன் அண்ணன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நான் ஆப்பில் எண்ணைப் போட்டேன். சித்தப்பாவும் திண்ணையிலிருந்து மெல்ல உள்ளே வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்து படித்தார்.

பேரும் எண்ணும் சரியாக இருந்தவை 6. எண் அழிந்துபோனது, ஒயர் பிய்ந்தது என்று சந்தேகத்தில் 2. பெயரே இல்லாதவை 3. அந்த மூன்றின் ஒயரையும் சித்தி தன் கையாலேயே கத்தரித்தார். "அப்படியே குப்பையில போட்டா, வேற யாராவது எடுத்து மாட்டிருவாங்கல்ல?" என்றார். சரியான பேச்சு. கத்தரித்ததை மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். உப்பிப்போன பேட்டரியை மட்டும் குத்தவோ நசுக்கவோ கூடாது, தனியாக மணலில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறம் போதும். கூடவே இவற்றையும் பாருங்கள்:

* சார்ஜர் கை வைக்க முடியாத அளவு சூடானால், கருகிய வாசம் வந்தால், 'கிர்' என்று சத்தம் வந்தால், மூடி விலகியிருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

* பிளக் பாயின்ட் ஆடுகிறதா, பொறி பறக்கிறதா? சார்ஜரை மாற்றுவதற்கு முன் அந்தப் பாயின்ட்டை மாற்றுங்கள்.

* தலையணைக்கு அடியில், மெத்தையில், துணிக்குவியலில் போன் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். சூடு வெளியேற வழியிருக்காது.

* சார்ஜில் இருக்கும் போனில் பேசுவது, ஈரக் கையோடு தொடுவது, வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று எடுப்பது... மூன்றையும் விடுங்கள். சாரல் காலத்தில் சுவரே ஈரமாக இருக்கும், ஞாபகம் இருக்கட்டும்.

* ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலின்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

* மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று வயர்மேனைக் கேளுங்கள். கரண்டு நம் உடல் வழியாகத் தரைக்குப் பாய்ந்தால், கண் இமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். மாதம் ஒருமுறை அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதற்றத்தில் அவரைத் தொட்டுவிடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த பலகையிலோ ரப்பர் செருப்போடோ நின்று, காய்ந்த கம்பால் ஒயரைத் தள்ளிவிடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர் உடனே மார்பை அழுத்தி சி.பி.ஆர். தொடங்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்ல' என்று சொன்னாலும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள். பலமான ஷாக் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கலாம். மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டியதை மின்னகம் எண் 94987 94987-ல் சொல்லலாம்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது சித்தி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தார். வழியில் ஒரு செல்போன் கடை. பெயர் போட்ட சார்ஜர் ஒன்றைக் கேட்டு வாங்கினார். கடைக்காரர் பையில் போடப் போனார்.

"இருப்பா" என்றார் சித்தி. டப்பாவைத் திருப்பி, கைக்கெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து, என்னிடம் கேட்டார்: "அந்த ஆர் நம்பர் இருக்கா பாரு... பில்லும் கேட்டு வாங்கிரு."

கடைக்காரர் சிரித்தார். "என்னக்கா, டெஸ்ட் எல்லாம் பலமா இருக்கு?"

"ஒருதடவை சுருக்குன்னு வாங்கிப் பாரு, உனக்கும் தெரியும்" என்றார் சித்தி.